போட்டிக்காரர் சரக்கை முகப்பில் அடுக்கிய கடை

எதிர்க் கடைக்காரரிடம் சரக்கு எடுத்து விற்பது நம் தொழிலில் கேவலமான காரியம் அல்ல. பண்டிகை நேரத்தில் லாரி வந்து சேரவில்லை என்றால், பக்கத்து மண்டியில் பத்து மூட்டை கைமாற்றாக வாங்கி வாடிக்கையாளரைத் தக்கவைத்துக் கொள்ளாத மொத்த வியாபாரி யார் இருக்கிறார்? அது ஒரு நாள், இரண்டு நாள் சங்கதி. ஆனால் வருஷக் கணக்கில் போட்டிக்காரரின் சரக்கையே கடை முகப்பில் அடுக்கி வைத்து, "வேறு எவர் சரக்கையும் முன்னால் வைக்க மாட்டோம்" என்று எழுதியும் கொடுத்துவிட்டு வியாபாரம் நடத்த முடியுமா? உலகப் புகழ்பெற்ற ஒரு கம்பெனி அப்படித்தான் நடத்தியது. அதன் பெயர் ஆப்பிள்.

இன்று ஆப்பிள் என்றால் பணம் கொழிக்கும் கம்பெனி. நம் பிள்ளைகள் அந்தப் போனைக் கேட்டு அடம் பிடிக்கிறார்கள். 1997-ல் நிலைமை வேறு. அந்த ஒரு வருஷக் கணக்கில் மட்டும் நூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். தலைவரை மாற்றிப் பார்த்தும் விற்பனை விழுந்துகொண்டே இருந்தது. கம்பெனியைத் தொடங்கிப் பின்னர் வெளியேற்றப்பட்ட ஸ்டீவ் ஜாப்ஸ் அப்போதுதான் திரும்பி வந்திருந்தார்.

ஆப்பிளின் சரக்கு மேக்கின்டாஷ் கம்ப்யூட்டர். அதன் பெரிய போட்டிக்காரர் விண்டோஸ் விற்ற மைக்ரோசாஃப்ட். ஆனால் மேக்கின்டாஷ் வாங்குகிறவர் கடிதம் எழுத, கணக்குப் போட நம்பியிருந்ததோ மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் மென்பொருளை. மேக்கில் அந்த வகை மென்பொருள் தொகுப்பு வைத்திருந்தவர்களில் 90 சதவீதம் பேர் மைக்ரோசாஃப்டின் தொகுப்பையே பயன்படுத்தினார்கள் என்று பின்னாளில் அமெரிக்க நீதிமன்றம் பதிவு செய்தது. நம் பாஷையில் சொன்னால், தராசு ஆப்பிளுடையது, படிக்கல் போட்டிக்காரருடையது. படிக்கல்லை அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் தராசை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இந்தப் பிடியை மைக்ரோசாஃப்ட் எதற்குப் பயன்படுத்தியது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய விஷயம். அவர்கள் கேட்டது பணம் அல்ல, இடம். அந்தச் சமயம் இன்டர்நெட்டைத் திறந்து காட்டும் பிரவுசர் என்ற மென்பொருளில் நெட்ஸ்கேப் என்ற புதுக் கம்பெனி முன்னணியில் இருந்தது. ஜனங்கள் எல்லா வேலையையும் பிரவுசர் வழியாகவே செய்யப் பழகிவிட்டால் அடியில் ஓடுவது விண்டோஸா வேறொன்றா என்று யாரும் பார்க்க மாட்டார்கள் என்ற பயம் மைக்ரோசாஃப்டுக்கு. ஆகவே தன்னுடைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை எல்லா இடத்திலும் நுழைக்கப் பார்த்தது. அதை இலவசமாகக் கொடுத்தது. காசுக்கு விற்கும் நெட்ஸ்கேப் எப்படித் தாங்கும்?

இலவசம் என்றதும் ஒரு கிளைக்கதை ஞாபகம் வருகிறது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மைக்ரோசாஃப்ட் தானாகப் பெற்ற பிள்ளை அல்ல. ஸ்பைகிளாஸ் என்ற சிறிய கம்பெனியிடம் உரிமம் வாங்கி அதன் மேல் கட்டியது. விற்பனையில் பங்கு தருவதாகப் பேச்சு. பிறகு சரக்கையே விண்டோஸுடன் சேர்த்து இலவசமாகக் கொடுத்தால் பங்கு எதிலிருந்து வரும்? தகராறு ஏற்பட்டு 1997 ஜனவரியில் 80 லட்சம் டாலர் கொடுத்துக் கணக்கை முடித்தார்கள். "விற்றால் கமிஷன்" என்று மட்டும் எழுதிக்கொண்டு, "இலவசமாகக் கொடுத்தால் என்ன" என்று எழுதாமல் விட்ட ஏஜெண்டுகள் நம் ஊரிலும் உண்டு.

ஆப்பிள் கதைக்கு வருவோம். 1997 ஜூன் மாதம், மேக் ஆபீஸை நிறுத்திவிடுவோம் என்ற மிரட்டலே நம் கையில் இருக்கும் பலமான பேரம், உடனடியாக ஆப்பிளுக்குப் பெருந்தீங்கு செய்யும் என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் பில் கேட்ஸுக்கு எழுதினார். அந்த மாதக் கடைசியில் பில் கேட்ஸ் அன்றைய ஆப்பிள் தலைவரையே அழைத்து, மேக் ஆபீஸ் ரத்து என்பதை எப்படி அறிவிக்கலாம் என்று கேட்டார். இவை வம்புப் பேச்சு அல்ல. வழக்கில் நீதிபதி எழுதிய தீர்மானங்களில் உள்ளவை. "உங்களுக்குச் சரக்கு இல்லை என்று சந்தையில் எப்படிச் சொல்லட்டும்?" என்று சப்ளையர் மரியாதையாகக் கேட்பதைவிடப் பெரிய மிரட்டல் வியாபாரத்தில் உண்டா?

ஒரு மாதத்தில் தலைவர் மாறினார். பேரம் ஜாப்ஸ் கைக்கு வந்தது. 1997 ஆகஸ்ட் 6 அன்று பாஸ்டன் நகரக் கண்காட்சியில் அவர் ஒப்பந்தத்தை அறிவித்தார். மைக்ரோசாஃப்ட் ஐந்து வருஷத்துக்கு மேக் ஆபீஸைத் தொடரும். ஆப்பிளில் 15 கோடி டாலருக்கு ஓட்டுரிமை இல்லாத பங்கு வாங்கும். இரு கம்பெனிகளுக்கும் இடையில் இருந்த காப்புரிமைச் சண்டை முடித்துக்கொள்ளப்படும். பதிலுக்கு, மேக்கின்டாஷைத் திறந்தால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்தான் முதலில் நிற்கும். அதைச் சொன்னதும் கூட்டம் கூச்சல் போட்டது. மேடையின் பெரிய திரையில் பில் கேட்ஸின் முகம் தோன்றியபோது மறுபடியும் கூச்சல். ஆப்பிள் ஜெயிக்க வேண்டுமானால் மைக்ரோசாஃப்ட் தோற்க வேண்டும் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள் என்று ஜாப்ஸ் அவர்களைச் சமாதானப்படுத்தினார்.

மேடையில் சொன்னது மேலோட்டம்தான். ஷரத்துகளில் இன்னும் இருந்தது. வேறு பிரவுசரை மேக்கில் சேர்த்துக் கொடுக்கலாம்; ஆனால் அதன் சின்னம் திரையின் முகப்பில் இருக்கக் கூடாது. உள்ளே ஒரு மூலையில் கிடக்க வேண்டும். வாடிக்கையாளரை வேறு பிரவுசருக்கு மாறும்படி ஆப்பிள் தூண்டக் கூடாது. இதற்கும் மேலே ஒரு படி: ஆப்பிள் தன் சொந்த ஊழியர்களிடம்கூட வேறு பிரவுசரைச் சிபாரிசு செய்யக் கூடாது, கம்பெனி நிகழ்ச்சிகளில் எக்ஸ்ப்ளோரரையே பயன்படுத்தச் சொல்ல வேண்டும். நம்மிடம் ஒரு சோப்புக் கம்பெனி வந்து, "எங்கள் சோப்பை முன் அலமாரியில் வையுங்கள்" என்று கேட்டால் தள்ளுபடியைப் பொறுத்து சரி என்போம். "உங்கள் கணக்குப்பிள்ளையும் எங்கள் சோப்பில்தான் குளிக்க வேண்டும்" என்றால்?

ஜாப்ஸ் ஒப்புக்கொண்டது சரியா என்ற கேள்வி வரும். அவர் வழக்குப் போட்டிருக்க வேண்டும், மானத்தை விற்றுவிட்டார் என்று சொல்கிறவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. நீதிமன்றம் நியாயம் வழங்கும். தீபாவளிக்குச் சரக்கு வழங்காது. அமெரிக்க அரசும் இருபது மாநிலங்களும் மைக்ரோசாஃப்ட் மீது வழக்குத் தொடுத்தது 1998 மே மாதம். மேக் ஆபீஸைக் காட்டி ஆப்பிளை நெருக்கியது உண்மை என்று நீதிபதி ஜாக்சன் எழுதியது 1999 நவம்பரில். கம்பெனியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்ற அவரது உத்தரவை மேல் நீதிமன்றம் 2001 ஜூனில் ரத்து செய்தது. ஆனால் ஆப்பிளோடு செய்துகொண்ட அந்தத் தனி ஏற்பாடு சட்ட விரோதம் என்பதை அதே மேல் நீதிமன்றம் உறுதி செய்தது. நியாயம் கிடைத்தது, நான்கு வருஷம் கழித்து. அதற்குள் நெட்ஸ்கேப் தனித்து நிற்க முடியாமல் 1998 நவம்பரிலேயே ஏஓஎல் என்ற கம்பெனியோடு விலை பேசிவிட்டது. 1997-ல் ஆப்பிளின் கையில் நான்கு வருஷம் காத்திருக்கும் முதல் இருந்ததா?

அந்த 15 கோடி டாலரைப் பெரிதாகப் பேசுவார்கள். நூறு கோடிக்கு மேல் நஷ்டப்பட்ட கடைக்கு அது கைச்செலவுக் காசு. ஆப்பிளுக்கு உண்மையில் கிடைத்த சொத்து "ஐந்து வருஷம்" என்ற வார்த்தை. வாங்குகிறவர் மேக்கை எடுக்கத் தயங்கியது இந்தக் கடை இருக்குமா, இதற்குச் சாமான் வருமா என்ற சந்தேகத்தால்தான். பெரிய சப்ளையர் ஐந்து வருஷம் சரக்குப் போடுகிறேன் என்று ஊரறியச் சொல்லிவிட்டால் சந்தேகம் போய்விடும். மேடையில் எழுந்த கூச்சலை அதற்குக் கொடுத்த விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்டின் மேக் பிரவுசர் மட்டமான சரக்கு அல்ல. 2000 மார்ச்சில் வந்த அதன் ஐந்தாம் பதிப்பு அன்றைய உலகில் மிக நல்ல பிரவுசர்களில் ஒன்று என்று விஷயம் தெரிந்தவர்கள் பாராட்டினார்கள். இணையப் பக்கங்களை விதிமுறைப்படி காட்டுவதில் விண்டோஸுக்கான சொந்தப் பதிப்பையே மிஞ்சியது. மேலே முதலாளிகள் எதைப் பேரம் பேசினாலும், கீழே வேலை செய்த ஆட்கள் கைச்சுத்தமாகச் செய்தார்கள்.

வினை வந்தது அதற்குப் பிறகு. நெட்ஸ்கேப் ஒழிந்தது. பத்தில் ஒன்பதுக்கு மேல் கம்ப்யூட்டர்களில் எக்ஸ்ப்ளோரர் என்றாயிற்று. உடனே கம்பெனிக்குச் சோம்பல். விண்டோஸுக்கான ஆறாம் பதிப்பு 2001-ல் வந்தது, ஏழாம் பதிப்பு 2006-ல்தான் வந்தது. சொந்த விண்டோஸுக்கே ஐந்து வருஷம் புதுச் சரக்கு இல்லை என்றால் எதிராளியின் மேக்குக்கு என்ன அக்கறை இருக்கும்? சந்தையில் ஒரே மண்டி என்று ஆகிவிட்டால் தரம் பார்த்துத் தருவார்களா என்பது நமக்குத் தெரியாததா? இங்கே ஆப்பிளுக்கு இரட்டைக் கஷ்டம். 2001 மார்ச்சில் புத்தம் புதிதாக மேக் ஓஎஸ் டென் என்ற அமைப்பை வெளியிட்டு, கடை முழுவதையும் புதுப்பித்திருந்தது. ஆனால் வாடிக்கையாளர் தினமும் நூறு தடவை திறந்து மூடும் வாசல் கதவு மட்டும் போட்டிக்காரருடையது. கதவு மெதுவாகத் திறந்தால் கெட்ட பெயர் யாருக்கு? கடைக்காரருக்குத்தான்.

ஆப்பிள் செய்த காரியத்தில் நாம் மெச்சுவது அடுத்த பகுதியைத்தான். ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போதே, 2001-லேயே, சத்தமில்லாமல் ஒரு சிறு குழுவை வைத்துச் சொந்தப் பிரவுசர் செய்யத் தொடங்கியது. அதற்குத் தலைமை வகித்தவர் டான் மெல்டன். இணையத்தில் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் பிரவுசர் தன் பெயரைச் சொல்லிக்கொள்ளும். அதை வைத்து வெளியாட்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆகவே உள்ளே தயாரான அந்தப் பிரவுசர் வெளியே போகும்போது "நான் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்" என்று சொல்லிக்கொள்ளும்படி செய்துவைத்தார்களாம். போட்டிக்காரரின் பெயர்ப் பலகைக்குப் பின்னாலேயே சொந்தக் கடை கட்டியிருக்கிறார்கள்!

எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய அவர்களுக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. நெட்ஸ்கேப்பின் வாரிசான மொசில்லாவின் இயந்திரத்தை எடுப்பார்கள் என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். ஆப்பிளோ கேடிஇ என்ற தன்னார்வலர் கூட்டம் லினக்ஸுக்காகச் செய்து வைத்திருந்த கேஎச்டிஎம்எல் என்ற இயந்திரத்தை எடுத்தது. காரணம் அது கச்சிதமானது. 1,40,000 வரிகளுக்கும் குறைவு. பெரிய குதிரையை வாங்கித் தீனி போட முடியாமல் தவிப்பதைவிட, அடங்கிய குதிரை மேல் என்று எண்ணியிருப்பார்கள். எவரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் செய்த மாற்றங்களைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆப்பிள் திருப்பித் தந்தது, ஆனால் பிரித்துப் பயன்படுத்த முடியாதபடி மொத்தமாகக் கொட்டியது என்று அந்தத் தன்னார்வலர்கள் குறைபட்டார்கள். 2005 ஜூனில் வெப்கிட் என்ற பெயரில் வேலையைப் பொதுவில் திறந்து வைத்த பிறகே அந்த மனத்தாங்கல் குறைந்தது.

ஐந்து வருஷக் கெடு முடிந்தது 2002 ஆகஸ்டில். சஃபாரி என்ற பெயரில் சொந்தப் பிரவுசரை ஜாப்ஸ் மேடையேற்றியது 2003 ஜனவரி 7. நடுவில் ஐந்தே மாதம். ஆறு மாதத்துக்குள், 2003 ஜூன் 13 அன்று, மேக்குக்கு இனி எக்ஸ்ப்ளோரர் செய்யப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஆப்பிளே தன் அமைப்புக்கு நல்ல பிரவுசர் செய்துகொள்ள முடியும் என்று காரணமும் சொன்னது. அதே வருஷம் அக்டோபரில் சஃபாரி மேக்கின் இயல்பான பிரவுசர் ஆனது. சஃபாரி தயாராக இல்லாமல் அந்த ஜூன் அறிவிப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நண்பர்கள் ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். மேக் ஆபீஸ் மட்டும் இன்றுவரை நிற்கவில்லை. அதில் மைக்ரோசாஃப்டுக்கும் வருமானம் உண்டே!

இது கம்ப்யூட்டர் கம்பெனிகள் பாடு, நமக்கு என்ன என்று கேட்கும் உறுப்பினர்கள் உண்டு. நம் கடைகளைச் சுற்றிப் பாருங்கள். பில் போடும் மென்பொருள் யாரோ ஒருவருடையது. வாடிக்கையாளர் பாக்கியும் சரக்கு இருப்பும் அதற்குள் இருக்கின்றன. ஆர்டர் எடுக்கும் செயலியைத் தரும் கம்பெனியே நாளை நம் சில்லறைக் கடைகளுக்கு நேரே சரக்கு இறக்குகிறது. நமக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி, எந்தக் கடைக்கு எவ்வளவு, எந்த வாரம், என்ன விலை என்பதையெல்லாம் மூன்று வருஷம் அந்தச் செயலியில் ஏற்றினார். நான்காம் வருஷம் அவருடைய கடைகளுக்கு அதே செயலியின் வண்டி வந்து நின்றது. செயலியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை, சொன்னாலும் நடக்காது. ஆனால் வாடிக்கையாளர் பெயர்ப் பட்டியலும் பாக்கிக் கணக்கும் நம் கையில் தனியாக ஒரு பிரதி இருக்கிறதா? ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது என்றாவது நமக்குத் தெரியுமா? ஆப்பிளுக்கு 2002 ஆகஸ்ட் என்ற தேதி தெரிந்திருந்தது. அதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிட்டது.

ஆப்பிளைப் புனிதராக்கவும் நமக்கு விருப்பமில்லை. கை ஓங்கியதும் அதுவும் அதே வேலையைச் செய்தது. ஐபோனில் எந்தக் கம்பெனியின் பிரவுசரைப் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி வைத்தது. பலகையில் பெயர் உங்களுடையது, அடுப்பு எங்களுடையது என்ற கதை. ஐரோப்பியக் கூட்டமைப்பு தனிச் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திய பிறகே, 2024 மார்ச்சில், ஐரோப்பாவுக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தியது. முகப்பில் போட்டிக்காரர் சின்னம் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த கம்பெனி இது. தெரிந்தும் செய்தது.

மைக்ரோசாஃப்டின் கதி இன்னும் விசித்திரம். வெப்கிட்டை எடுத்துக்கொண்டு கூகுள் 2008-ல் குரோம் பிரவுசரைக் கொண்டு வந்தது. அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை. குரோம் வளர வளர எக்ஸ்ப்ளோரர் தேய்ந்தது. கடைசியில் 2018 டிசம்பரில், இனி எங்கள் எட்ஜ் பிரவுசரையும் கூகுளின் குரோமியம் இயந்திரத்தின் மேலேயே கட்டுகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்னது. 2020 ஜனவரியில் அது வெளிவந்தது. 2022 ஜூன் 15-ல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே மங்களம் பாடினார்கள். ஒரு காலத்தில் ஆப்பிளின் வாசல் கதவுக்குச் சாவி வைத்திருந்தவர் இன்று தன் கதவுக்கான மரத்தைப் போட்டிக்காரர் தோப்பிலிருந்து வெட்டுகிறார்.

ஆப்பிளுக்கும் இன்று வேறொரு போட்டிக்காரரோடு முகப்பு பாத்தியம் உண்டு. சஃபாரியில் தேடினால் முதலில் வருவது கூகுள். அந்த இடத்துக்காக கூகுள் 2022-ல் மட்டும் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. போனில் இருவரும் போட்டிக்காரர்கள். தேடலில் வாடகை கொடுப்பவரும் வாங்குபவரும். 1997-ல் முகப்பைக் கொடுத்து ஐந்து வருஷ மூச்சு வாங்கிய கம்பெனி, இப்போது முகப்பைக் கொடுத்துப் பணம் வாங்குகிறது. தேடலில் கூகுள் சட்ட விரோதமாக ஏகபோகம் நடத்துகிறது என்று நீதிபதி மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில் அவர் சொன்ன பரிகாரத்தில், பணம் கொடுப்பதற்குத் தடை இல்லை, "எங்களை மட்டும்தான் வைக்க வேண்டும்" என்ற ஷரத்துக்குத்தான் தடை. அந்தப் பணம் ஒரு வருஷம் வராமல் நின்றால் ஈடு செய்ய ஆப்பிள் எந்த அறையில் எதைத் தயார் செய்துகொண்டிருக்கிறதோ, வெளியே இன்னும் தெரியவில்லை.